ஒரு சாண் தேக்கு

மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் வாய் திறக்கும். லாசருக்கு மூடிக்கொள்ளும். ஓமலூர் ரோட்டில் தங்கமுத்துவின் லேத் பட்டறையில் கால் நூற்றாண்டாக லாரிக்கும் போர் போடுகிற ரிக்குக்கும் புஷ்ஷும் பின்னும் கடைந்து கொடுக்கிற மனுஷன். மெஷின் இரைச்சலில் அங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை. அதனால் அவர் கோபமாக இருக்கிறாரா, சும்மா இருக்கிறாரா என்பது பட்டறையில் ஒருத்தருக்கும் தெரியாது. வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த வீட்டில் இப்போது ஆளும் குறைந்துபோயிற்று.

மனைவி ஆரோக்கியம் காலமாகி வருஷம் திரும்புவதற்குள் மகள் அக்சிலியா வந்து, மடத்தில் சேரப்போகிறேன், கன்னியாஸ்திரி ஆகப்போகிறேன் என்றாள். பெற்ற தகப்பனுக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள். அம்மாவைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, கடைசி மூச்சு வரைக்கும் கூட இருந்த பெண். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசக்கூட ஆள் கிடையாது. மூத்தவன் பெனடிக்ட் ரிக் வண்டியோடு வடக்கே போனால் ஆறு மாசம் கழித்துத்தான் முகம் காட்டுவான். லாசர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டார்.

அவள் கிளம்பிய அன்று துணிப்பையோடு பட்டறை வாசலுக்கு வந்து நின்றாள். "போயிட்டு வாரேம்ப்பா" என்றாள். நம் பக்கத்தில் போகிறவர் போகிறேன் என்று சொல்ல மாட்டார், போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்லுவார். இருக்கிறவர் பதிலுக்கு, போய்ட்டு வா என்று சொல்லியாக வேண்டும். சண்டைக்காரன்கூட அதைச் சொல்லுவான். லாசர் சொல்லவில்லை. மெஷினின் பிடியான சக்கில் சுற்றிக்கொண்டிருந்த இரும்பைவிட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை. அவசரமான வேலையா என்றால் அதுவும் இல்லை, மறுநாள் கொடுத்தால் போதும் என்கிற வேலை. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் போன் வரும். "சாப்டீங்களாப்பா" என்பாள். "ம்" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

போனார் இரண்டு தடவை, பார்க்காமல் இல்லை. முதல் ஈஸ்டருக்கு, அம்மாவின் நினைவாக மகளிடம் ஏதாவது இருக்கட்டும் என்று, ஆரோக்கியத்தின் நீலக் கட்டம் போட்ட ஜலகண்டாபுரம் சேலையை மடித்து எடுத்துக்கொண்டு பெனடிக்டோடு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த தடவை போனபோது, மடத்துச் சமையல்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் அதே சேலையைக் கட்டியிருந்தாள். எங்களுக்கென்று தனியாக எதுவும் வைத்துக்கொள்வதில்லைப்பா, வந்தது பொதுவுக்குப் போய்விடும் என்று அக்சிலியா சிரித்துக்கொண்டே விளக்கினாள். பாத்திரம் தேய்க்கிற அம்மாள் மேல் லாசருக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் திரும்பி வருகிற வழி முழுக்க அவருக்குப் பெண்டாட்டியை இரண்டாம் தடவை பறிகொடுத்த மாதிரி இருந்தது. பிறகு அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை.

இந்த நிலைமையில்தான், கார்த்திகை மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது.

"அப்பா, பிப்ரவரி ரெண்டாந் தேதி எனக்கு வார்த்தைப்பாடு. நீங்க கண்டிப்பா வரோணும்."

வார்த்தைப்பாடு என்றால், கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் மூன்றையும் கடைப்பிடிப்பேன் என்று கோயிலில் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுப்பது. அதுவரைக்கும் வீட்டுக்குத் திரும்பி வர வழி உண்டு. லாசர் அந்த வழியைத்தான் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அதுவும் அடைபடப்போகிறது.

அவளே தொடர்ந்தாள். "எதுவும் வாங்கிட்டு வராதீங்கப்பா. பீடத்து மேல வச்சுக் கையெழுத்து போடோணும். வேணும்னா ஒரு பேனா மட்டும் கொண்டாங்க."

பேனா. போனை வைத்த பிறகு லாசர் சோற்றைத் தொடவில்லை. சேலையைப் பொதுவில் போடலாம். நகையைத் திருப்பி அனுப்பலாம். ஒரு பேனாவை யார் பிடுங்கப்போகிறார்கள்? அது வேலைப் பொருள். படிக்கிற, எழுதுகிற பெண்ணின் கையில் பேனா இருந்துதானே ஆக வேண்டும். அவளுடைய அம்மாவை அவள் கையிலேயே கொடுத்துவிட இதைவிட வேறு வழி கிடையாது என்று அவருக்குத் தோன்றியது. எந்த மரத்தில் செய்வது என்பதில் அவருக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. சந்தேகமெல்லாம் பிறகுதான் வந்தது.

மரம் எது என்று சொல்லிவிடுகிறேன். வீடு கட்டியபோது வாசக்காலுக்கு வாங்கிய தேக்கில் ஒரு துண்டு மிச்சமாயிற்று. கறுத்த வைரம் பாய்ந்த துண்டு. ஆரோக்கியம் அதைத் தூக்கிப் போடவிடாமல் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தாள். எதுக்காச்சும் ஆகும் என்பாள். கடைசியில் அவளுக்கே ஆயிற்று. அவளுடைய கல்லறைச் சிலுவையில் குறுக்குக்கட்டை அந்தத் துண்டுதான். நட்டமாக நிற்கிற கட்டைக்கு வேறு வெள்ளைத் தேக்கு போட்டார்கள். குறுக்குக்கட்டையில் கறுப்புப் பெயிண்டில் அவள் பெயர்.

போன கல்லறைத் திருநாளுக்குப் பெனடிக்ட் அம்மாவுக்குக் கறுப்புக் கிரானைட் கல் வைத்தான். அவள் முகத்தையே கல்லில் பொறித்து வாங்கி வந்தான். நல்ல பிள்ளைதான், செலவுக்கு யோசிக்கவில்லை. கல் வைத்ததும் பழைய சிலுவையைப் பிடுங்கிப் போட்டார்கள். உபதேசியார் சொன்னார், இது சாமியார் ஜெபித்து மந்திரித்த பொருள், கண்ட இடத்தில் கிடக்கக்கூடாது, எரித்துவிடுங்கள், இல்லையென்றால் இங்கேயே புதைத்துவிடுங்கள் என்று. லாசர் சரி என்று தலையாட்டிவிட்டு, எல்லோரும் போன பிறகு அதைச் சாக்கில் சுற்றி டிவிஎஸ்ஸில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அது சாத்தியபடி நின்றது.

பெனடிக்டுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கல்லறையில் நின்றதை வீட்டுக்குள் கொண்டுவருவார்களா என்று முதல் நாளே சத்தம் போட்டான். அதை அறுத்துப் பேனா செய்யப்போகிறார் என்று தெரிந்ததும் அவனுக்குத் தலைக்கேறிவிட்டது.

"உங்களுக்கென்ன கிறுக்குப் புடிச்சிருச்சா? செத்தவங்க தலைமாட்டுல நின்னத தங்கச்சி கையில குடுப்பீங்களா? அதும் வார்த்தைப்பாடு அன்னைக்கு?"

லாசர் ரம்பத்தைத் தேடினார். பெனடிக்ட் ஒன்று மட்டும் சரியாகச் சொன்னான்: "கல்லு வச்சன், நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?" அது லாசருக்கு உறைத்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

நட்டக்கட்டையைக் கரையான் அடியிலிருந்து ஏறி அரித்திருந்தது, தட்டினால் மாவாகக் கொட்டியது. குறுக்குக்கட்டை மட்டும் திடமாக இருந்தது. நடுவில் ஆணியும் போல்ட்டும் துளைத்த இடம் ஆகாது. மிச்சம், ஆணிக்கு இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண். ஒரு சாணுக்கு ஒரு பேனா. ஒன்று தப்பினால் இன்னொன்று. அதுவும் தப்பினால் ஒன்றும் கிடையாது.

பேனா என்றால் சாதாரணப் பேனாவாக நினைத்துக்கொள்ளாதீர்கள். லாசர் மனசில் வைத்திருந்தது பெரிய வேலை. உடம்பும் மரம், மூடியும் மரம். மூடி திருகி மூட வேண்டும், அந்தத் திருகு மரையும் மரத்திலேயே வெட்டியதாக இருக்க வேண்டும். உள்ளே பித்தளையோ இரும்போ துளிகூட இருக்கக்கூடாது. ரீஃபில் ஒன்றுதான் வெளிப்பொருள். இரும்பில் மரை வெட்டுவதென்றால் அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியம். மரத்தில் என்ன பெரிதாக இருந்துவிடப்போகிறது என்று நினைத்தார். இரும்பைப் போலத்தான் மரமும் என்கிற அந்த நினைப்புதான் முதல் சாணைத் தின்றது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பட்டறைக்குப் போனார். சாவி அவரிடம்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வது இன்னொரு பாவம். அதையும் ஆண்டவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். ஒரு பக்கத்துக் கட்டையைச் சக்கில் பிடித்து ஓடவிட்டார். ஆரோக்கியத்தின் பெயரில் பாதி, கறுப்புப் பெயிண்டோடு சுருள்சுருளாகக் கழன்று விழுந்தது. அதைப் பார்க்க முடியாமல் பார்த்துக்கொண்டு நின்றார். மரம் உருண்டையாக வந்தது, அழகாகவே வந்தது. அப்புறம் ரீஃபிலுக்கு நடுவில் துளை போட வேண்டும். ட்ரில் நுனி மரத்தைத் தொட்டது. லாசருடைய இடது கை தானாகப் போய் மேலே இருந்த குழாயைத் திருகியது.

இரும்பைத் துளைக்கும்போது சூடேறாமல் இருக்க, கூலண்ட் என்று பால்மாதிரி வெள்ளையாக ஒரு எண்ணெய்த்தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ட்ரில் இறங்கினால் குழாய் திறக்கும், அது அவர் யோசித்துச் செய்கிற காரியமே இல்லை. எத்தனை ஆயிரம் தடவை செய்த கை. இந்தக் கைக்கு மரம் எது, இரும்பு எது என்று யார் சொல்வது? வெள்ளைத்தண்ணீர் மரத்தின் மேல் கொட்டி, துளைக்குள் இறங்கி, நார் வழியாக உள்ளே போன பிறகுதான் லாசருக்கு உறைத்தது. பதறிப்போய் மெஷினை நிறுத்தினார். வேஸ்ட் துணியால் துடைத்தார், ஊதினார், சட்டையைக் கழற்றிச் சுற்றினார். பிறகு அதைவிடப் பெரிய தப்பாக, காயட்டும் என்று வெயிலில் வைத்தார். சாயங்காலத்துக்குள் அது இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் வெடித்துவிட்டது.

லாசர் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார். பெண்டாட்டியின் பெயரைச் சீவி எறிந்தாயே, அதற்காவது ஒரு பேனா வந்ததா என்று கேட்டுக்கொண்டார். மந்திரித்த பொருளைத் தொட்டதற்கு ஆண்டவர் கொடுத்த தண்டனை இது என்று ஒரு பக்கம் பயம். மறு பக்கம் மகள் மேல் கோபம், பெனடிக்ட் மேல் கோபம், உபதேசியார் மேலும் கோபம். அடுத்த வாரம் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றவர், தன் முறை வருவதற்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். சாமியாரிடம் சொன்னால், மிச்சத்தைப் புதைத்துவிடு என்பார். சொன்னால் கேட்க வேண்டியிருக்கும். சொல்லாமல் இருப்பதே மேல் என்று நினைத்தார்.

இரண்டாவது துண்டைத் துணியில் சுற்றித் தன் டூல் பெட்டிக்குள் மறைத்து வைத்திருந்தார். ஒரு நாள் அளவுகோலை எடுக்கப் பெட்டியைத் திறந்த தங்கமுத்துவின் கண்ணில் அது பட்டுவிட்டது. தங்கமுத்து பட்டறை முதலாளி. லாசரைவிட வயதில் இளையவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவார். வெள்ளிக்கிழமை தவறாமல் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டுகிறவர். துணியை விலக்கிப் பெயிண்ட் எழுத்தைப் பார்த்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஏனுங்கண்ணா, இது சுடுகாட்டுச் சாமானுங்களா?"

லாசருக்கு வேறு வழியில்லை. எல்லாவற்றையும் சொன்னார். சேலை போன கதை, பேனா கேட்ட கதை, கூலண்ட் குழாயைத் திறந்த கதை வரைக்கும். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி தங்கமுத்து கேட்டதே இல்லை. கேட்டு முடித்த தங்கமுத்து மெஷினை ஒரு தடவை தொட்டுக் கும்பிட்டார். சொல்ல வேண்டுமென்றால், உன் சாமான் என் பட்டறைக்கு ஆகாது, எடுத்துக்கொண்டு போ என்று சொல்லியிருக்கலாம். அதற்கு அவருக்கு உரிமை உண்டு.

"கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் ஆரோக்கியக்கா குடுத்தனுப்புன கலகலா பலகாரந் தின்ன வாயிது" என்றார். "எனக்கொண்ணும் பயமில்லீங்கண்ணா. மெஷினுக்குத்தான் பயம். ஒரு எலுமிச்சம்பழம் வெட்டி வச்சுக்கறேன், நீங்க ஓட்டுங்க."

அப்படியே செய்தார். பழத்தை இரண்டாக வெட்டிக் குங்குமம் தடவி மெஷினின் இரண்டு பக்கமும் வைத்தார். கையோடு கூலண்ட் குழாயை ஒரு கம்பியால் இழுத்துக் கட்டியும் விட்டார். "உங்க கைய நம்ப முடியாதுங்கண்ணா" என்று அதற்கு ஒரு கிண்டல் வேறு. லாசருக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

இந்தத் தடவை அவர் அவசரப்படவில்லை. பழைய கட்டில் கால், பெட்டிக் கட்டை என்று கிடைத்த மரத்திலெல்லாம் மரை வெட்டிப் பார்த்தார். ஒன்றுகூட நிற்கவில்லை. இரும்பில் கூர்மையாக நிற்கிற பல், மரத்தில் டூல் பட்டதும் உதிர்ந்து தூளாயிற்று. தங்கமுத்து பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல், உள்ளே சின்னக் குழலாக ஒரு பித்தளை புஷ் போட்டு அதில் மரை வெட்டலாமே, வெளியே தெரியவா போகிறது என்றார். நல்ல யோசனைதான், வேறு யாராக இருந்தாலும் ஏற்றுக்கொண்டிருப்பார்கள். லாசர் முடியாது என்றுவிட்டார். மூடியைத் திருகும்போது மகளின் விரலுக்குள் பித்தளை திரும்பக்கூடாது, அவள் அம்மாதான் திரும்ப வேண்டும் என்பது அவர் கணக்கு. இதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, பித்தளை வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

கடைசியில் வழி காட்டியது பிய்ந்த செருப்பு. செருப்பை ஒட்டும்போது, நொடியில் ஒட்டுகிற பசை பலகையில் சிந்திவிட்டது. காய்ந்த பிறகு நகத்தால் கீறிப் பார்த்தால், பலகையில் அந்த இடம் மட்டும் கல்லாக இருந்தது. மரை வெட்டுகிற இடத்தில் அதே பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மரம் குடித்து இறுகிய பிறகு வெட்டினார். மோட்டாரைப் போடவில்லை. சக்கைக் கையாலேயே மெதுவாகச் சுற்றிச் சுற்றி, ஒரு தடவைக்கு ஒரு மயிரிழை ஆழம். கட்டில் காலில் நின்றது. இன்னொன்றிலும் நின்றது. அப்புறம்தான் தேக்கை எடுத்தார்.

மிச்சமிருந்த பாதிப் பெயர் சுருளாக விழுந்தது. இந்தத் தடவை கீழே சாக்கு விரித்திருந்தார். தூள்கூட வீணாகாமல் அள்ளி ஒரு பையில் கட்டி வைத்துக்கொண்டார். துளை போட்டபோது இடது கையைப் பின்பக்கம் பேண்ட் பைக்குள் திணித்துக்கொண்டு நின்றார். சூடேறாமல் இருக்க, ஒவ்வொரு தடவையும் ட்ரில்லை வெளியே இழுத்து ஊதி ஊதி இறக்கினார். உப்புத்தாள் போட்டுத் தேங்காயெண்ணெய் தடவியதும் மரம் கறுத்து மினுமினுத்தது. கழுத்துப் பக்கம் மட்டும் ஆணித்துரு ஏறிய ஒரு கறுப்புத் தழும்பு. அதைத் தேய்த்தால் அளவு குறைந்துபோகும், அப்படியே விட்டுவிட்டார். மரையில் கடைசிப் பல்லில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அதனால் மூடி இறுகுவதற்குச் சற்று முன்னால் லேசாகத் தட்டும். இரும்பாக இருந்தால் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பார். பட்டறையில் ஒரு ரசீதின் பின்பக்கம் எழுதிப் பார்த்தார். என்ன எழுதுவது என்று தெரியாமல் ஆரோக்கியம் என்று எழுதினார்.

பிப்ரவரி இரண்டாம் தேதி பெனடிக்டும் கூட வந்தான். பஸ்ஸில் போகும்போது பேனாவை வாங்கிப் பார்த்தான், திருகித் திறந்தான், மூடினான். கல் ரொம்ப நல்லா வந்திருக்குது, அம்மா முகம் அப்படியே இருக்குது என்று லாசர் சொன்னார். பெனடிக்ட் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மடத்துக் கோயிலில் மூன்று பெண்களுக்கு வார்த்தைப்பாடு. பூசைக்கு முன்னால் வாசலில் வைத்துப் பேனாவை மகள் கையில் கொடுத்தார். "நீங்களே செஞ்சீங்களாப்பா?" என்று கண்ணை விரித்தாள். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

அக்சிலியாதான் முதலில். முழங்காலில் நின்று வாக்குக் கொடுத்தாள், குரல் நடுங்கவில்லை. எழுந்து பீடத்துக்குப் போனாள். லாசர் பாதி எழுந்து எட்டிப் பார்த்தார். அவள் மூடியைத் திருகிக் கழற்றினாள். மரை நின்றது. கையெழுத்துப் போட்டாள். மை திக்காமல் ஓடியது. இனி மூடியைத் திருகி அதை அங்கிப் பையில் வைத்துக்கொள்வாள், அவ்வளவுதான், தான் வந்த காரியம் முடிந்தது என்று நினைத்தார்.

அவள் மூடவில்லை. பேனாவை அடுத்த பெண்ணிடம் நீட்டினாள். அந்தப் பெண் எழுதி மூன்றாவது பெண்ணிடம் கொடுத்தாள். பிறகு மடத்துத் தலைவியான மதர் வாங்கி எழுதினார். பூசை வைத்த சாமியார் எழுதினார். எழுதி, மூடியைத் திருகி, மெழுகுவர்த்தி வைத்திருந்த தட்டில் பேனாவைப் போட்டார். யாரோ தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மறந்துவிட்டாள், அப்புறம் போய் எடுத்துக்கொள்வாள் என்று லாசர் பாட்டு முடிகிற வரைக்கும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுப் பந்தலில் மதரே தேடி வந்தார். பேனாவைப் பார்த்து எல்லோரும் ஆச்சரியப்பட்டதாகச் சொன்னார். சிஸ்டர் அக்சிலியா அதைக் கோயிலுக்கே கொடுத்துவிட்டார், இனிமேல் இங்கே வார்த்தைப்பாடு கொடுக்கிற ஒவ்வொரு பெண்ணும் அதில்தான் கையெழுத்துப் போடுவாள், உங்களுக்கு ரொம்ப நன்றி என்று கைகூப்பிவிட்டுப் போனார். சிஸ்டர் என்று யாரைச் சொல்கிறார் என்று லாசருக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது.

அக்சிலியா பாயச வாளியோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அம்மா போனதிலிருந்து அந்த முகத்தில் அப்படியொரு சிரிப்பை அவர் பார்த்ததில்லை. "நாந்தாம்ப்பா குடுத்தேன். சிஸ்டராயி எனக்குன்னு மொத மொத வந்தது, மொத நாளே குடுத்துட்டேன்" என்றாள். அடிப்பாவி, ஒரு நாளாவது வைத்திருந்திருக்கக்கூடாதா என்று லாசருக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாயை மூடிக்கொண்டார். பக்கத்தில் பெனடிக்டுக்கு முகம் சிவந்துவிட்டது. "அது எதுல செஞ்சதுன்னு தெரி..." என்று ஆரம்பித்தவனின் மணிக்கட்டை மேசைக்கு அடியில் பிடித்து அழுத்தினார்.

அவள் அதைக் கவனிக்கவில்லை. "கையில எடுத்ததும் நம்மூட்டு வாசக்காலத் தொட்ட மாதிரியே இருந்துச்சுப்பா. அதே தேக்குங்களா?"

மகளிடம் மூன்று வருஷம் மூடியிருந்த வாய், திறக்கக்கூடாத இடத்தில் திறந்துகொண்டது. "அதோட மிச்சந்தாஞ் சாமி" என்றார் லாசர்.

"மிச்சமா? மிச்சத்தத்தான அம்மா சிலுவைக்கு..."

நிறுத்திவிட்டாள். கல் வைத்ததும், சிலுவையை எடுத்ததும் அவளுக்குத் தெரியும். அப்பாவைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். இருவரும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாயச வாளியைக் கீழே வைத்தாள். சிரிப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை. அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டு வந்து சுவரில் சாய்ந்து நிற்பாளே, அந்தப் பெண் வந்து அங்கியும் முக்காடுமாக நின்றாள். கோயில் கதவைத் திரும்பிப் பார்த்தாள். கிட்டே வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"அப்பா, போயித் திருப்பிக் கேக்கட்டுமா? மதர் குடுத்துருவாங்க."

அவர் கேட்டது இதைத்தானே. இதற்காகத்தானே சிலுவையை அறுத்தார், பாவத்தைச் சுமந்தார், மரத்தை வெடிக்கவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். ம் என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும். போனில் இத்தனை நாள் கொடுத்த அதே சத்தம். அவள் போய்க் கேட்பாள், கொடுத்துவிடுவார்கள், ஆரோக்கியம் மகள் கையில் இருப்பாள். அதைத் தொடும்போதெல்லாம், கொடுத்ததை முதல் நாளே திரும்ப வாங்கியது இவளுக்குக் குத்தும். அப்படியாவது குத்தட்டும் என்று ஒரு நினைப்பு அவருக்கு வந்தது. பொய் சொல்வானேன், வந்தது. ஆனால் மகளுடைய கண்ணைப் பார்த்தார். வேண்டாம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று அது அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வேண்டாஞ் சாமி" என்றார். "குடுத்தது குடுத்தாச்சு. அம்மா கோயில்லயே இருக்கட்டும்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே மணி அடித்தது. புதுசாக வார்த்தைப்பாடு கொடுத்தவர்களை மதர் கூப்பிடுகிறார் என்று ஒரு சிஸ்டர் வந்து சொன்னாள். அக்சிலியா வாளியை எடுத்தாள், மறுபடி வைத்தாள், முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தாள்.

"வாரேம்ப்பா."

"போய்ட்டு வா சாமி" என்றார் லாசர்.

அவள் ஒரு நிமிஷம் அப்படியே நின்று அவரைப் பார்த்தாள். பிறகு போனாள். அவள் படியேறி மறைகிற வரைக்கும் பார்த்துவிட்டு, லாசர் பந்தலில் அத்தனை பேர் நடுவில் வாய்விட்டு அழுதார். பெனடிக்ட் தன் இலையைத் தள்ளி வைத்துவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டான்.